‘பழிவாங்கல் தீது’ என்று எழுதினால் எத்தனை புள்ளி?

தோமஸ் கிட் எழுதிய ‘ஸ்பானியத் துன்பியல்’ நாடகம் எங்கள் கைக்கு வரும்போது மூன்று துண்டாக வெட்டுப்பட்டுத்தான் வருகிறது. கதைச்சுருக்கம், பாத்திரங்கள், கருப்பொருள்கள். மூத்த மாணவர்களிடமிருந்து கைமாறுகிற போட்டோக்கொப்பிக் கட்டிலும் இதுதான் இருக்கிறது. இணையத்தில் சும்மா கிடைக்கிற குறிப்புகளிலும் இதுதான். மூன்றையும் பாடமாக்கினால் பரீட்சை பாஸ். நாடகத்தைத் திறக்கவே தேவையில்லை.

எல்லாக் குறிப்பும் போய் முடிகிற இடமும் ஒன்றுதான்: பழிவாங்குகிறவன் தன் பழியாலேயே அழிகிறான், ஆகவே பழிவாங்கல் தீது. அடிக்கோடு போட்டு முடித்துவிடலாம்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். அந்த வரியை நாடகத்துக்குள்ளே கொண்டுபோய் உரக்க வாசித்தால், முதலில் எழும்பிக் கைதட்டப் போகிறவன் கொலைகாரன் லொரென்சோ. அவனுக்கு அதைவிட வசதியான நீதிபோதனை கிடைக்காது. கொல்லப்பட்ட பிள்ளைக்கு நீதி கேட்டு அலைகிற ஒரு தகப்பனின் கதையைப் படிப்பித்துவிட்டு, கொலைகாரனுக்கு வசதியான வரியை விடைத்தாளில் எழுத வைக்கிறார்கள் என்றால், அந்தப் படிப்பித்தலில் பெரிய கோளாறு இருக்கிறது.

முதலில் கதை

இந்த நாடகம் 1580களின் பிற்பகுதியில் எழுதப்பட்டது என்பது பொதுவான கணிப்பு. 1592இல் லண்டனில் மேடையேறிக் காசு சேர்த்ததற்குக் கணக்குப் புத்தகச் சான்று இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லட்’ முதலில் அச்சானது 1603இல். ஆவி, பைத்தியம், நாடகத்துக்குள் நாடகம், இழுபடுகிற பழி என்று ஹம்லட்டில் பார்த்து நாம் வாய்பிளக்கிற சாமான்கள் எல்லாம் கிட்டிடம் ஏற்கெனவே இருந்தவை.

போர்த்துக்கலோடு நடந்த போரில் அந்திரேயா என்ற ஸ்பானியன், போர்த்துக்கல் இளவரசன் பல்தஸாரின் கையால் சாகிறான். அவனுடைய ஆவியும் ‘பழி’ என்ற பெயரிலேயே வருகிற ஒரு பாத்திரமும் மேடையில் குந்தியிருந்து மிச்சக் கதையைப் பார்க்கின்றன. அந்திரேயாவின் காதலி பெல்-இம்பீரியா. ஸ்பெயின் மன்னனின் சகோதரனான கஸ்தீல் கோமகனின் மகள். அந்திரேயா செத்தபிறகு அவள் அவனுடைய நண்பன் ஹொராஷியோவை விரும்புகிறாள். அவளுடைய சகோதரன் லொரென்சோவுக்கோ, போரில் பிடிபட்ட பல்தஸாருக்கே அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டும். காதலர் இருவரும் தோட்டத்துப் பந்தலில் சந்திக்கிற இரவில் லொரென்சோவும் பல்தஸாரும் இரண்டு வேலைக்காரரோடு வந்து ஹொராஷியோவைத் தூக்கில் மாட்டிக் குத்திக் கொல்கிறார்கள். பெல்-இம்பீரியாவை இழுத்துக்கொண்டுபோய் அடைத்துவைக்கிறார்கள்.

ஹொராஷியோவின் தகப்பன் ஹியரோனிமோ. கூக்குரல் கேட்டுப் படுக்கையிலிருந்து எழும்பி ஓடிவருகிறான். தொங்குகிற உடலை வெட்டி இறக்குகிறான். இறக்கிப் பார்த்தபிறகுதான் அது தன் பிள்ளை எண்டு தெரிகிறது.

இந்த ஹியரோனிமோவின் தொழில் என்ன? குறிப்புகளில் அரை வரியில் கடந்துபோகிற விசயம் இது. அவன் நீதிபதி. மன்னனின் ஆட்சிக்குக் கீழே குற்றங்களை விசாரித்துத் தண்டனை விதிக்கிற மார்ஷல். ஊர்ச்சனம் நீதிக்காக வந்து தட்டுகிற கதவு அவனுடையது. தன் பிள்ளைக்கு நீதி கேட்டு அவன் தட்டுவதற்கு ஒரு கதவு இல்லை. கொலைகாரர்களில் ஒருவன் மன்னனின் சகோதரனுடைய மகன், மற்றவன் நாளைக்கு மன்னன் குடும்பத்துக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன். நாடகத்தின் முழுப்பாரமும் இந்த முடிச்சில்தான் இருக்கிறது.

சுருக்கத்தில் காணாமல்போன காட்சிகள்

கதைச்சுருக்கம் எழுதுகிறவர்கள் எதை வெட்டுகிறார்கள் என்று பாருங்கோ. நீதி வழங்கப்படுகிற காட்சிகளைத்தான் வெட்டுகிறார்கள். எப்போதும் அவைதான் ‘கதைக்குத் தேவையில்லாதவை’.

முதல் அங்கத்தில் ஒரு வழக்கு வருகிறது. பல்தஸாரைச் சிறைபிடித்தது நான் எண்டு லொரென்சோவும் சொல்கிறான், ஹொராஷியோவும் சொல்கிறான். மன்னன் பரிசைப் பிரிக்கிறான். குதிரையும் ஆயுதங்களும் லொரென்சோவுக்கு, மீட்புப்பணமும் கவசமும் ஹொராஷியோவுக்கு. பார்க்க நியாயமான தீர்ப்பு. ஆனால் கைதி யாருடைய வீட்டில் தங்குவது? லொரென்சோவின் வீட்டில். ஏனெண்டால் ஹொராஷியோவின் வீடு ஒரு இளவரசனையும் அவன் பரிவாரத்தையும் வைத்திருக்கப் போதாத சின்ன வீடு. அந்த ஒரு ஏற்பாட்டால்தான் பல்தஸாரும் லொரென்சோவும் கூட்டாளிகள் ஆகிறார்கள். அந்தக் கூட்டுத்தான் பிறகு ஹொராஷியோவைக் கொல்கிறது. கொலைக்கான முதல் படி, சிரித்த முகத்தோடு வழங்கப்பட்ட ஒரு நியாயமான தீர்ப்புக்குள்ளேயே இருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பெரிய வீடு உள்ளவனுக்குப் பெரிய பங்கு என்பது அந்த அரண்மனையில் காற்று மாதிரி. ஆருக்கும் கண்ணில் படாது.

அடுத்தது போர்த்துக்கல் காட்சிகள். ‘துணைக்கதை, முக்கியமில்லை’ என்று குறிப்பு சொல்லும். அங்கே வில்லுப்போ என்ற பிரபு, அலெக்ஸாண்ட்ரோ என்ற இன்னொரு பிரபு மேல் பொய்ப்பழி போடுகிறான். இளவரசனைப் போர்க்களத்தில் பின்னாலிருந்து சுட்டவன் இவன்தான் என்கிறான். போர்த்துக்கல் ஆட்சியாளர் விசாரிக்கவே இல்லை, நம்பிவிடுகிறார். அலெக்ஸாண்ட்ரோவை எரிப்பதற்குக் கம்பத்தில் கட்டியும் ஆயிற்று. அந்த நேரம் பார்த்து ஸ்பெயினிலிருந்து தூதுவர் வந்து, இளவரசன் உயிரோடிருக்கிற செய்தியைச் சொல்கிறார். அலெக்ஸாண்ட்ரோ தப்புகிறான். எது அவனைக் காப்பாற்றியது? விசாரணையா, சட்டமா, சாட்சியா? ஒண்டுமில்லை. கடிதம் நேரத்துக்கு வந்தது, அவ்வளவுதான். தூதுவர் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் அங்கே கிடந்திருப்பது சாம்பல்.

மூன்றாவது, எங்களுக்கு நாடகத்திலேயே மிகப் பயங்கரமாகத் தெரிகிற காட்சி. குறிப்புகள் இதை ‘நகைச்சுவை ஆறுதல்’ என்கின்றன. லொரென்சோ தன் வேலைக்காரன் பெட்ரிங்கானோவை ஏவி மற்ற வேலைக்காரன் செர்பரீனைக் கொல்லவைக்கிறான். பிறகு பெட்ரிங்கானோவையும் பிடிபட வைக்கிறான். பிடிபட்டவனுக்கு ஒரு வாக்குறுதி அனுப்புகிறான்: பயப்படாதே, உனக்கான மன்னிப்புப் பத்திரம் ஒரு பெட்டிக்குள் வருகிறது. பெட்டியைக் கொண்டுபோகிற பொடியன் வழியில் திறந்து பார்க்கிறான். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பெட்டி. பொடியனுக்கு அது பகிடியாக இருக்கிறது. தூக்குமேடையில் பெட்ரிங்கானோ அந்தப் பெட்டியை நம்பி நீதிபதியோடும் தூக்குப்போடுகிறவனோடும் நக்கலடிக்கிறான். நக்கலடித்தபடியே தொங்குகிறான்.

அந்தத் தண்டனையை விதித்த நீதிபதி ஹியரோனிமோதான். தன் மகனைக் கொன்றவர்களில் ஒருவனுக்குத்தான் தீர்ப்புச் சொல்கிறோம் என்று அவனுக்கு அப்போது தெரியாது. ஊருக்கெல்லாம் நியாயம் செய்கிற தனக்கு நியாயம் செய்ய ஆளில்லையே என்று அந்தக் கதிரையில் இருந்துகொண்டே நினைக்கிறான். சட்டம் அங்கே பிசகில்லாமல்தான் வேலை செய்கிறது. கொலை செய்தவன் தூக்கில் போடப்படுகிறான். ஆனால் அந்தச் சட்டத்தையே கொலைகாரன் தன் சாட்சியை அழிக்கிற ஆயுதமாகப் பாவிக்கிறான். இதைப் பார்த்து ஆருக்கு என்ன ஆறுதல் வரும்?

நாலாவது மனுக் காட்சி. மூன்றாம் அங்கம், பதின்மூன்றாம் காட்சி. ஹியரோனிமோவிடம் சனங்கள் வழக்கோடு வருகிறார்கள். ஒருவருக்குக் கடன் பிரச்சினை, இன்னொருவரைக் குத்தகை நிலத்திலிருந்து கிளப்பிவிட்டார்கள். நீதிக்காக இவனைப்போல் மெனக்கெடுகிற ஆள் ஸ்பெயினில் வேறில்லை என்று அவர்களே தங்களுக்குள் கதைக்கிறார்கள். ஒரு கிழவர் மட்டும் வாய் திறக்காமல் நிற்கிறார். பசுல்ட்டோ. அவர் நீட்டுகிற தாளில் இருப்பது, கொலைசெய்யப்பட்ட தன் மகனுக்காக ஒரு தகப்பன் எழுதிய மனு. ஹியரோனிமோ அவருடைய கண்ணீரைத் துடைக்கத் துணியை எடுக்கிறான். கையில் வருவது மகனின் இரத்தத்தில் தோய்த்து அவன் ஒளித்துவைத்திருக்கிற துணி. அதற்குப் பிறகு தன்னிடம் இருந்த காசையெல்லாம் கிழவரிடம் கொடுக்கிறான். மற்றவர்களின் பத்திரங்களைப் பல்லால் கிழிக்கிறான்.

அந்த மனுக்களோடு வந்தவர்கள் அலறுகிறார்கள். சரியாகத்தான் அலறுகிறார்கள். அவர்களுடைய கடனும் காணியும் அந்தத் தாளில்தான் இருந்தது. மேலே நீதி மறுக்கப்பட்டால் அது கீழே கடைசிக் குத்தகைக்காரன் வரைக்கும் வந்து கிழிக்கும் என்பதை நாடகம் ஒரு வசனமும் பேசாமல் காட்டுகிறது. கையில் தாளோடு, வாய் திறக்காமல் நிற்கிற கிழவர் யார் என்று இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அடிக்குறிப்புப் போட்டு விளக்கத் தேவையில்லை. அந்தக் காட்சியைத்தான் சுருக்கம் ‘ஹியரோனிமோவின் மனநிலை மேலும் பாதிக்கப்படுகிறது’ என்ற ஒரு வரியில் முடிக்கிறது.

‘தாமதம்’ யாருடையது? ‘பைத்தியம்’ யார் வைத்த பெயர்?

இரண்டாவது துண்டு, பாத்திரங்கள். ஹியரோனிமோவுக்குக் கீழே மூன்று புள்ளிகள் போட்டிருக்கும்: தாமதிப்பவன், மனம் பேதலித்தவன், துன்பியல் குறை உடையவன்.

தாமதம் என்கிறார்களே, அவன் அந்த நேரத்தில் என்ன செய்தான் என்று கேளுங்கோ. பெல்-இம்பீரியா தன் இரத்தத்தால் எழுதிய கடிதம் அவன் முன்னால் வந்து விழுகிறது. கொலைகாரரின் பெயர் அதில் இருக்கிறது. உடனே வாளை எடுக்கவில்லை. இது என்னைச் சிக்கவைக்கிற பொறியாகவும் இருக்கலாம் என்று யோசிக்கிறான். ஒரு கடிதத்தை மட்டும் நம்பி ஆளைக் குற்றவாளியாக்கக்கூடாது என்று வேறு சான்று தேடுகிறான். பெட்ரிங்கானோவின் பிணத்திலிருந்து எடுத்த கடிதம் முதல் கடிதத்தை உறுதிப்படுத்திய பிறகுதான் நம்புகிறான். அப்போதும் கொலைக்குப் போகவில்லை, மன்னனிடம்தான் போகிறான். இதை நாங்கள் விசாரணை என்போம். போர்த்துக்கலில் நடக்காததும் இதுதான். ஒரு நீதிபதி நீதிபதியாக நடந்துகொண்டதற்குக் குறிப்பு எழுதுகிறவர்கள் வைத்த பெயர் ‘தாமதம்’.

நாடகத்துக்குள்ளேயே பெல்-இம்பீரியா அவனைத் தாமதத்துக்காகத் திட்டுகிறாள்தான். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. அடைத்துவைக்கப்பட்டிருந்தவள், வெளியே அவன் பட்ட பாட்டைக் காணாதவள். எல்லாக் காட்சியையும் வாசிக்கக் கிடைத்த எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை.

பைத்தியக் கதைக்கு வருவோம். அவன் மன்னன் முன்னால் போய் நீதி வேண்டும் என்று கத்துகிறான். மன்னன் அந்த நேரம் பல்தஸாரின் கலியாணப் பேச்சில் இருக்கிறான். லொரென்சோ குறுக்கே நின்று மறிக்கிறான், மன்னனுக்கு வேலை இருக்கிறது என்கிறான். யார் இது சத்தம் போடுவது என்று மன்னன் கேட்கும்போது பதில் சொல்வதும் லொரென்சோதான்: ஆளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது, மகனுக்கு வரவேண்டிய மீட்புப்பணத்தில் ஆசை. ஹொராஷியோ செத்ததே மன்னனுக்குத் தெரியாது. போரில் இளவரசனைப் பிடித்த வீரன் காணாமல்போனதை அந்த அரண்மனை கவனிக்கவே இல்லை.

ஹியரோனிமோவின் மனம் உடைகிறது, அதை நாங்கள் மறுக்கவில்லை. கத்தியால் நிலத்தைக் கிண்டுகிறான், கிழவர் பசுல்ட்டோவைத் தன் மகன் என்று நினைக்கிறான். ஆனால் ‘பைத்தியம்’ என்பதை முதலில் ஒரு காரணமாகப் பாவித்து அவனுடைய முறைப்பாட்டைத் தள்ளிவைத்தது கொலைகாரன். அதே சொல்லை எடுத்துப் பாத்திரப் பண்பாக எழுதுகிறபோது, கொலைகாரனின் வாக்குமூலத்தை நாங்கள் பிரதிபண்ணிக் கொடுக்கிறோமா என்று ஒரு நிமிடமாவது யோசிக்க வேண்டாமா?

‘துன்பியல் குறை’ என்ற மந்திரத்தையும் ஒருக்கா விசாரிக்க வேண்டும். அரிஸ்டோட்டில் பாவித்த கிரேக்கச் சொல் தவறு, குறி பிசகுதல் என்ற பொருளுடையது. அதை நாயகனின் குணத்திலுள்ள ஓட்டையாக மாற்றி எல்லா நாடகத்துக்கும் ஒரே சாவியாகக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சாவியால் திறந்தால் எப்போதும் ஒரே அறைதான் திறக்கும்: பாதிக்கப்பட்டவனுக்கு என்ன குறை என்கிற அறை. லொரென்சோவுக்கு என்ன குறை, மன்னனின் சபைக்கு என்ன குறை என்று அந்தச் சாவி கேட்காது.

பெல்-இம்பீரியாவுக்குக் கீழே ‘காதலி, அழகானவள், சகோதரனால் அடக்கப்பட்டவள்’ என்று இருக்கும். இரத்தத்தால் கடிதம் எழுதினவள் அவள். கடைசியில் பல்தஸாரைத் தன் கையால் கொன்றவள் அவள். தான் யாரை விரும்புவது என்பதை அரசியல் ஒப்பந்தத்துக்கு விட்டுக்கொடுக்க மறுத்தவள். அவளை ‘காதலி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைப்பது லொரென்சோ அடைத்த அறையைவிடச் சின்ன அறை.

கருப்பொருள் பழியா?

மூன்றாவது துண்டில்தான் முக்கியமான மோசடி. ‘கருப்பொருள்: பழிவாங்கல்’ என்று எழுதினதும் கேள்வி மாறிவிடுகிறது. பழி சரியா பிழையா என்று விவாதிக்கத் தொடங்குகிறோம். பழிக்கு முதல் நடந்தது, நீதி மறுக்கப்பட்டது, பின்னணிக்குப் போய்விடுகிறது.

அந்தக் கால இங்கிலாந்தில் பழி பற்றிய போதனை தெளிவானது. பழி ஆண்டவனுக்கு உரியது, தனிமனிதன் கை வைக்கக்கூடாது. பவுல் உரோமருக்கு எழுதிய கடிதத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. அடுத்த அதிகாரம் வாளை ஆட்சியாளர் கையில் கொடுக்கிறது. அதாவது ஆண்டவனின் தண்டனையைப் பூமியில் நிறைவேற்றுவது நீதிபதியின் வேலை. ஹியரோனிமோ யார்? தனிமனிதனாகக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய தகப்பனும் அவன்தான், வாளை எடுக்க வேண்டிய நீதிபதியும் அவன்தான். மனுக் காட்சி தொடங்கும்போது அவன் கையில் ஒரு புத்தகத்தோடு வந்து இதைத்தான் தனக்குள் வாதாடுகிறான், வேதத்திலிருந்து தொடங்கி செனெக்காவுக்குத் தாவுகிறான். அந்த வாதத்தை ‘பழி தீது’ என்ற வரியால் மூடிவிட முடியாது.

பிரசங்க மேடையில் பழி பாவம் என்று கேட்டுக்கொண்டிருந்த அதே நாட்டில், 1584இல் என்ன நடந்தது? ஒல்லாந்தில் ஒரேஞ்ச் வில்லியம் கொல்லப்பட்ட பிறகு, எலிசபெத் மகாராணிக்கும் அப்படி நடக்கலாம் என்ற பயத்தில் அவருடைய ஆலோசனைச் சபை ஒரு உறுதிப்பத்திரம் தயாரித்தது. ராணியின் உயிருக்கு யாராவது கை வைத்தால், செய்தவனை மட்டுமல்ல, எவருக்காகச் செய்யப்பட்டதோ அவரையும் துரத்திக் கொல்வோம் என்று கையொப்பம் வாங்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் போட்டார்கள். சின்னவனின் பழிக்குப் பெயர் பாவம், பெரிய இடத்துப் பழிக்குப் பெயர் விசுவாசம்.

பிரான்சிஸ் பேக்கனை எடுங்கோ. பழி பற்றி 1625இல் அவர் வெளியிட்ட கட்டுரை குறிப்புகளில் தவறாமல் வரும். பழி காட்டுத்தனமாக வளர்ந்த நீதி, சட்டம் அதைக் களைபிடுங்க வேண்டும் என்பது அவர் கருத்து. குறிப்புகள் சொல்லாத இரண்டு விசயம் இருக்கிறது. ஒன்று, சட்டத்தில் பரிகாரமே இல்லாத அநியாயத்துக்கு எடுக்கிற பழியை ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அதே கட்டுரையில் அவரே சொல்கிறார். இரண்டாவது, இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிப் பதவியில் இருந்த இந்தப் பேக்கன், வழக்காளிகளிடம் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டு 1621இல் பதவி இழந்தவர். களைபிடுங்கச் சொன்ன சட்டத்தின் கை எவ்வளவு சுத்தமாக இருந்தது எண்டு இதிலிருந்து தெரியும்.

கிட்டுக்கே என்ன நடந்தது? 1593 மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். அறையில் சமயவிரோதத் தாள்கள் இருந்ததாம். சித்திரவதை செய்தார்கள். அந்தத் தாள்கள் முன்பு தன்னோடு ஒரே அறையில் எழுதிக்கொண்டிருந்த கிறிஸ்தோபர் மார்லோவுடையவை என்றார். அடுத்த வருடம் 35 வயதில் செத்துப்போனார். நாடகம் அதற்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது, ஆகவே இதை வைத்து நாடகத்துக்குப் பொருள் சொல்ல வரவில்லை. நீதி கேட்பது எப்படிப்பட்ட ஊரில் என்று சொல்கிறோம்.

இன்னுமொன்று. 1602இல் வந்த பதிப்பில் புதிய பகுதிகள் சேர்க்கப்பட்டன. அவற்றில் பெயர்பெற்றது, ஹியரோனிமோ ஒரு ஓவியனைச் சந்திக்கிற காட்சி. அந்த ஓவியனும் மகனைக் கொலைக்குப் பறிகொடுத்தவன். தன் மகன் கொல்லப்பட்ட இரவைப் படமாக, அதன் சத்தத்தோடு வரைய முடியுமா என்று ஹியரோனிமோ கேட்கிறான். பத்து வருடம் ஓடின ஒரு நாடகத்துக்குப் புதுச்சரக்குச் சேர்க்கிறபோது இன்னும் நாலு கொலையைச் சேர்த்திருக்கலாம். இன்னொரு தகப்பனைத்தான் சேர்த்தார்கள். லண்டன் சனம் எதைப் பார்க்க வந்தது என்று எங்கள் குறிப்பு எழுதுகிறவர்களைவிட அந்த நாடகக்காரருக்குத் தெரிந்திருந்தது.

அப்ப, பழிவாங்கலாமோ?

இதைக் கதைத்தவுடன் வருகிற கேள்வி இதுதான். அப்ப நீங்கள் பழிவாங்கலை நியாயப்படுத்துறியளோ?

இல்லை. நாடகமும் அப்படிச் செய்யவில்லை. கடைசிக் காட்சியில் கொலைகாரர் இருவரும் செத்தபிறகு, ஹியரோனிமோ கஸ்தீல் கோமகனையும் குத்திக் கொல்கிறான். அந்தக் கோமகனுக்குக் கொலையில் பங்கில்லை. தன் மகன் ஏதோ அநியாயம் செய்கிறான் என்று ஊர் கதைக்கிறதைக் கேட்டு, லொரென்சோவிடம் ஒருமுறை விசாரித்தவரும் அவர்தான். அந்த உடலை எந்த வாதத்தாலும் மறைக்க முடியாது. ஹியரோனிமோவின் மனைவி இசபெல்லா பந்தலை வெட்டிச் சாய்த்துத் தன்னையும் குத்திக்கொள்கிறாள். அந்திரேயாவின் ஆவி மட்டும் எல்லாச் சாவையும் பார்த்து மகிழ்கிறது, செத்த பிறகும் கோமகனுக்குக் கழுகு கொத்துகிற தண்டனை கொடுக்கிறது. அந்த மகிழ்ச்சியில் எங்களால் சேர முடியாது. சேர முடியாமல் இருக்கவேண்டும் என்றுதான் கிட் அதை அப்படி எழுதியிருக்கிறார் என்பது எங்கள் எண்ணம்.

ஆனால் அந்தக் கோமகன் விசாரித்த விதத்தையும் பாருங்கோ. மகன் சொன்ன பதிலை அப்படியே நம்பினார். பிறகு ஹியரோனிமோவைக் கூப்பிட்டு, லொரென்சோவைக் கட்டிப்பிடிக்க வைத்தார். என்ன நடந்தது என்று தேடவில்லை. கட்டிப்பிடித்தாயிற்று, பிரச்சினை தீர்ந்தது. உண்மை வெளிவராத இடத்தில் நடக்கிற கட்டிப்பிடிப்புக்கு அந்த அரண்மனை வைத்த பெயர் சமாதானம். அந்தச் சமாதானம் அடுத்த அங்கத்துக்குக்கூட நிற்கவில்லை.

கடைசி நாடகத்தையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். கலியாணக் கொண்டாட்டத்துக்கு ஹியரோனிமோ ஒரு நாடகம் போடுகிறான். நடிப்பவர்கள் லொரென்சோ, பல்தஸார், பெல்-இம்பீரியா, அவன். லத்தீன், கிரேக்கம், இத்தாலியம், பிரெஞ்சு என்று ஆளுக்கொரு மொழி. கத்திகள் உண்மையானவை. மேடையில் ஆட்கள் சாக, மன்னனும் சபையும் நல்ல நடிப்பு என்று பாராட்டுகிறார்கள். பிறகு ஹியரோனிமோ திரையை விலக்கி மகனின் உடலைக் காட்டுகிறான். யார் கொன்றது, ஏன், எப்படி என்று எல்லாவற்றையும் எல்லாருக்கும் விளங்குகிற மொழியில் சொல்லி முடிக்கிறான். அதற்குப் பிறகும் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறார்கள். சொல்லாவிட்டால் சித்திரவதை என்கிறார்கள். சொன்னதைக் கேட்காத சபைக்கு இன்னும் என்ன சொல்லுறது? அவன் தன் நாக்கைக் கடித்துத் துப்புகிறான்.

பழி தவறு என்று சொல்ல எவருக்கும் முடியும். அதைச் சொல்கிற தகுதி, முறைப்பாடு வந்த அன்று கதவைத் திறந்தவருக்குத்தான் இருக்கிறது. கதவைப் பூட்டிவைத்துக்கொண்டு, வெளியே நின்றவன் கல்லெறிந்த பிறகு கல்லெறிவது பாவம் எண்டு பிரசங்கம் வைக்கிறதுக்குப் பெயர் நீதிபோதனை இல்லை.

குறிப்பு யாருக்கு உதவி?

எங்களுக்குச் சொல்லப்படுகிற கடைசிச் சமாளிப்பு இது: தமிழ் மொழிமூலம் படித்து வந்த பிள்ளைகளுக்கு நானூறு வருடப் பழைய ஆங்கிலம் விளங்காது, குறிப்பாவது இருக்கட்டும்.

எங்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். ஆங்கிலம் கஷ்டம்தான். ஆனால் குறிப்பு அந்தக் கஷ்டத்தைக் குறைக்கவில்லை. விளங்காத நாடகத்துக்குப் பதிலாக விளங்காத ஆங்கிலத்தில் பாடமாக்க இன்னொரு பத்துப் பக்கம் தந்திருக்கிறது. உண்மையிலேயே உதவி செய்ய நினைத்தால் மனுக் காட்சி ஒன்றை மட்டும் எடுங்கோ. ஒரு கிழமை முழுக்க அதையே வாசிப்போம். தமிழில் கதைப்போம், தமிழில் சண்டைபிடிப்போம், பிறகு ஆங்கிலத்தில் எழுதுவோம். அந்த ஒரு காட்சியை வாசித்த பிள்ளை, முழுச்சுருக்கத்தையும் பாடமாக்கின பிள்ளையைவிட நாடகத்தை நன்றாக அறியும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை. ‘ஹியரோனிமோவின் குணவியல்பை விளக்குக’ என்பதை ஓய்வுக்கு அனுப்புங்கோ. இப்படிக் கேளுங்கோ: ஹியரோனிமோ நீதி கேட்டு யாரிடமெல்லாம் போனான், ஒவ்வொரு இடத்திலும் மறித்தது யார்? பல்தஸாரைப் பெரிய வீட்டில் தங்கவைத்த தீர்ப்பு நியாயமானதா? கஸ்தீல் கோமகனின் சாவை உங்களால் நியாயப்படுத்த முடியுமா, முடியாவிட்டால் அவர் செய்துவைத்த சமாதானத்தை நியாயப்படுத்த முடியுமா? இதற்குப் போட்டோக்கொப்பியில் விடை கிடைக்காது. நாடகத்தைத் திறக்கத்தான் வேண்டும்.

படிக்கிறவர்களிடமும் ஒன்று. இந்த முறை ‘பழிவாங்கல் தீது’ என்று எழுதப் பேனையை வைக்கும்போது அங்கேயே நிற்காதையுங்கோ. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரி எழுதுங்கோ: அந்தப் பழி பிறப்பதற்கு முதல், கேட்ட நீதியை யார் மறுத்தது? புள்ளி குறைந்தால் குறையட்டும். பெட்ரிங்கானோவுக்கு அனுப்பிய பெட்டி போல உள்ளே ஒன்றுமில்லாத விடைக்குக் கிடைக்கிற புள்ளி நமக்கு எதற்கு?